மிதவை வரைக்கும்

றெஜினா அக்கா அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் வெட்டினார். ஒரு கோட்டோடு விடவில்லை. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் கட்டுரை திருத்திய கை அது. வெட்டியதற்கு மேலே இன்னொரு கோட்டையும் இழுத்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

“இது வேண்டாம் சேகரம். சுவாமி பீடத்தடியிலை நிண்டு சொல்லப்போற விசயம். ஆரும் காணாத ஒண்டை அங்கை சொல்லேலாது.”

அவரின் தம்பி ஞானசேகரம் கடதாசியை வாங்கிப் பார்த்தார். மத்தியானம் முழுக்க இருந்து மனைவியைப் பற்றி எழுதிய பத்து வரியில் ஒன்பது தப்பியிருந்தன. அன்பான மனைவி, பொறுப்பான தாய், மாவட்டக் கச்சேரியில் முப்பது வருடம் தட்டெழுத்து வேலை, மரியாயின் சபை அங்கத்தவர், இல்லாதவர்களுக்கு இரங்கும் மனம். இந்த ஓர்ஸ் ஹில் மேட்டில் எந்தப் பெண் செத்தாலும் பெயரை மட்டும் மாற்றிப் படித்துவிடலாம். அவளுக்கென்று இருந்த ஒரே வரி சிவப்பாய்க் கிடந்தது: ‘ஒவ்வொரு நத்தார் விடியற்காலையிலும் தனியே கடலில் இறங்கி, உட்துறைமுகத்து மிதவை வரை நீந்தித் திரும்பி வருவார்.’

ஹோலின் நடுவே பெட்டிக்குள் புஷ்பவதி கிடந்தாள். நேற்றுக் காலை பத்து மணிக்குக் குசினிக் கதிரையில் இருந்து நத்தார் கேக்கைத் துண்டு போட்டு எண்ணெய்த்தாளில் சுற்றிக்கொண்டிருந்தவள், நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்றாள். ஞானசேகரம் தண்ணீர் வார்த்துக்கொண்டு திரும்புவதற்குள் தலை மேசையில் சாய்ந்துவிட்டது. ஆட்டோ வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தார். அறுபத்திரண்டு வயது. ஒரு நாள்கூடக் கிடையில் கிடக்காமல் போய்விட்டாள்.

இன்று டிசெம்பர் இருபத்துநாலு, நத்தாருக்கு முதல்நாள். மெல்பேர்னில் இருக்கும் மகன் நிருபன் நாளை பொழுதுபட்டுத்தான் வந்து சேருவான். நத்தாரன்று கோயிலில் இறந்தவர்களுக்கான பூசை வைப்பதில்லை. இருபத்தாறாம் திகதி காலையில் சுனாமி நினைவுப் பூசை இருக்கிறது. ஆகவே அன்று பின்னேரம் மூன்று மணிக்கு அடக்கம் என்று பங்குச் சுவாமி முடிவு சொன்னார். கூடவே, பிரசங்கத்துக்கு அவவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கோ என்றும் கேட்டார். அதனால் வந்த வினைதான் இந்தச் சிவப்புக் கோடு.

“நீ கண்டனியா?” என்று அக்கா கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கூடுதலாக வலித்தது. “அவள் மிதவைக்குப் போனதை ஒரு நாளாவது உன்ரை கண்ணாலை கண்டனியா?”

“இல்லை,” என்றார் ஞானசேகரம்.

அக்கா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

காணவில்லை என்பது உண்மை. காணக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். புஷ்பவதி சம்பூர்க் கரையில் நாலு அண்ணன்மாரோடு கடலில் கிடந்து வளர்ந்தவள். கலியாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்று, மாமியார் வைத்த புளோரா என்ற பெயரோடு இந்த வீட்டுக்கு வந்தாள். புளோரா என்று கூப்பிட்டால் ஓம் என்பாள்; புஷ்பம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அந்த வித்தியாசம் புருஷனுக்கு மட்டுந்தான் தெரியும். நத்தார் என்பது அவளுக்கு வேலையோடு வந்த பெருநாள். கேக் அடிப்பது, பலகாரம் சுடுவது, கோழி உரிப்பது, மாமன் மச்சான் கூட்டத்துக்குச் சமைத்துப் போட்டுச் சட்டி கழுவுவது. இருபத்தைந்து வருடம் அப்படிப் போனது. சண்டைக் காலத்தில் அந்தக் கரையில் காலை நனைக்கவும் கடற்படை விடாது. சண்டை முடிந்து, கரையைத் திறந்துவிட்ட பிறகு வந்த ஒரு நத்தாருக்கு முதல்நாள் அவள் ஞானசேகரத்திடம் சொன்னாள்:

“நாளைக்கு விடிய ஒரு மணித்தியாலம் எனக்கு வேணும். கடலுக்குப் போறன். நீங்கள் வரப்படாது, பாக்கவும் படாது. ஒருத்தரும் வரப்படாது. பிறகு வந்து எல்லா வேலையும் செய்வன்.”

அவர் சரி என்றார். அன்றிலிருந்து, ஒரே ஒரு வருடம் தவிர, தவறாமல் நடந்தது. சாமப்பூசை முடிந்து வந்து கொஞ்சம் கண்ணயர்ந்து, ஐந்து மணிக்கு எழும்புவாள். மகனின் பழைய பள்ளிக்கூட ரீசேட், கறுப்புக் கால்சட்டை, சிவப்பு ரப்பர் தொப்பி. மார்கழி மழை கொட்டினாலும் சரி, வாடை கூரைத் தகரத்தைத் தூக்கினாலும் சரி, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் இறங்கிப் போவாள். ஆறேகாலுக்குப் பற்கள் கிடுகிடுக்கத் திரும்பி வருவாள். அவர் இஞ்சித் தேத்தண்ணி வைத்திருப்பார். “தொட்டனியா?” என்று கேட்பார். “தொட்டனான்,” என்பாள். அவ்வளவுதான் கதை.

ஏன் நத்தாரன்று என்று ஒருமுறை கேட்டார். அவள் நன்றாக யோசித்து வைத்திருந்தாள். எங்கடை கரையிலை தொழில் செய்யிற ஆக்கள் எல்லாரும் வேதக்காரர். நத்தாருக்கு ஒருத்தரும் வள்ளம் இறக்க மாட்டினம். வருசத்திலை அண்டைக்கு ஒரு நாள்தான் கடல் சும்மா கிடக்கும், ஒரு சனமும் என்னைக் காணாது என்றாள். சொன்னபோது முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பும் இருந்தது.

ஞானசேகரம் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்து இளைப்பாறியவர். அளக்காமல் அவருக்குப் பெருமைப்படத் தெரியாது. படத்தை விரித்து, கரைப் படிக்கட்டில் இருந்து மிதவை வரைக்கும் கோல் வைத்துப் பார்த்தார். முந்நூற்றுப் பத்து மீற்றர். போக வர அறுநூற்று இருபது. கார்த்திகை பிறந்தால் புஷ்பவதி ஏற்றத்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏறி இறங்குவாள், மூச்சுப் பழக்கமாம். அவர் இந்த அறுநூற்று இருபதைக் கந்தோர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஞானம் ஐயாவின் மனுசி நத்தாருக்கு நத்தார் இந்தியாவுக்குப் போய் வாறவவாம் என்று ஒருவன் கதை கட்டினான்.

அக்கா சிரிக்கவில்லை. நம்பவுமில்லை. மழையில் போய் முழங்கால் தண்ணியில் குந்தியிருந்து தலையை நனைத்துக்கொண்டு வருகிறாள் என்றே கடைசிவரை சொன்னார். ஒரு வருடம் புஷ்பவதி கை நிறையச் சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன் சுட்ட தழும்போடு வந்தாள். ஞானசேகரம் தேசிக்காய்ப் புளி தடவிவிட்டு, சாட்சி கிடைத்த சந்தோசத்தில் அக்காவைக் கூட்டிவந்து காட்டினார். அக்கா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இடுப்புத் தண்ணியிலையும் சொறிமுட்டை இருக்கும் என்று போய்விட்டார். புஷ்பவதி விழுந்து விழுந்து சிரித்தாள். யார் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன என்ற சிரிப்பு.

அவளுக்குத் தேவைப்படாத சாட்சி இப்போது அவருக்குத் தேவைப்பட்டது. இருபத்தாறாம் திகதி ஒரு தரம்தான் அவளைப் பற்றி எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறார்கள். அந்த ஒரு தரமும் இந்த வரி இல்லாமல் போனால், பிறகு அது நடந்ததாகவே இருக்காது. வாய்க்கு வாய் நக்கலாக மிஞ்சும். அன்றிரவு அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, இன்னொரு கேள்வியையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார், அது போகவில்லை. அக்கா சொல்வதுதான் உண்மையாக இருந்தால்? இத்தனை வருடம் தொட்டனான் என்றது சும்மா ஒரு சொல்லாக இருந்தால்? செத்து இரண்டு நாள்கூடக் கழியாத மனுசியைச் சந்தேகப்படுகிறேனே என்று தன் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

நத்தார் விடிந்தது. ஐந்து மணிக்கு அவருக்கு முழிப்புத் தட்டியது. பதினைந்து வருடப் பழக்கம். செபம் சொல்ல வந்த பெண்கள் பாயில் அயர்ந்திருந்தார்கள். அக்கா மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் நிமிர்ந்திருந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். இரண்டு இரவாக அவர் கண்மூடவில்லை. தம்பியின் மனைவியைக் குளிப்பாட்டிச் சீலை உடுத்திவிட்டதும் அவர்தான். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, ‘போயிட்டியே பிள்ளை’ என்று ஒரே ஒரு தரம் அழுததும் அவர்தான். அந்தச் சிவப்புப் பேனாவும் அவர்தான். ஒரு மனுசருக்குள் எல்லாம் இருக்கும்.

ஞானசேகரம் குசினிக்குப் போனார். கதவுக்குப் பின்னால் ஆணியில் துணிப்பை தொங்கியது. ரீசேட், கால்சட்டை, சிவப்புத் தொப்பி, துவாய். ஞாயிற்றுக்கிழமையே எடுத்து மடித்து வைத்துவிட்டாள். அவர் பையைத் தொடவில்லை. கேத்தலில் தண்ணீர் வைத்தார், இஞ்சியைத் தட்டிப் போட்டார். செத்தவீட்டில் அடுப்பு எரிக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டு லைலாதான் மூன்று நேரமும் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி மட்டும் பரவாயில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆறேகாலுக்கு ஊற்றினார். அது ஆறும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தானே குடித்தார்.

ஏழரை மணியளவில் வாசற் படலையடியில் ஒரு மனிதர் நின்றார். மழைத் தூற்றல். அறுபதை நெருங்கிய வயது, சாரன் முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தது, கையில் வெள்ளைத் தொப்பியைச் சுருட்டிப் பிடித்திருந்தார். வேலியில் கட்டியிருந்த செத்தவீட்டு வெள்ளைக்கொடிகளையும் வீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. ஞானசேகரம் குடையோடு படலைக்குப் போனார்.

“சேர், குறை நினைக்கப்படாது,” என்றார் வந்தவர். “நான் கிண்ணியா. இஹ்ஸான் எண்டு பேரு. இறால் வல போடுற நாங்க. இந்தப் பக்கத்துல, நத்தாருக்கு நத்தார் விடியக் கடலுக்கு வாற பொம்புள, ராத்தா ஒராள் இரிக்கா. பேரு தெரியா. இண்டைக்கு வரல்ல. மூணு வள்ளம் அஞ்சு மணியில இருந்து பாத்துக்கிட்டு நிக்கிறம். கரைக்கு வந்து பாத்தா மேட்டுல வெள்ளக்கொடி தெரிஞ்சிச்சி. அதான்.”

ஞானசேகரம் படலைத் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “அவதான்,” என்றார். “என்ரை மனிசி. முந்தநாள் மோசம் போயிட்டா.”

இஹ்ஸான் குனிந்து, அரபியில் ஏதோ மெதுவாகச் சொன்னார். இறைவனிடமிருந்து வந்தோம், அவனிடமே திரும்புவோம் என்று அர்த்தம் வரும் வசனம்; லைலாவும் சொல்லி அழுததை ஞானசேகரம் கேட்டிருந்தார்.

அவரை விறாந்தைக்குக் கூட்டிவந்து கதிரை போட்டார். சாரன் ஈரம் என்று இஹ்ஸான் இருக்க மறுத்து, தூணோடு நின்றபடியே சொன்னார். புஷ்பவதியின் கணக்கு எங்கே பிழைத்ததென்று அப்போதுதான் விளங்கியது. இந்தக் கரை வேதக்காரர் நத்தாருக்கு வள்ளம் இறக்க மாட்டார்கள் என்றது சரி. முஸ்லிம்களான கிண்ணியாக்காரருக்கு அது நத்தாரே இல்லை என்பதை அவள் மறந்துபோனாள். மாரியில் வெளிக்கடல் குழம்பிக் கிடக்க, அவர்கள் இறாலுக்கு உள்ளேதான் வருவார்கள். மற்றவர்கள் வராத நாள் என்றால் இன்னும் விருப்பமாக வருவார்கள். ஒருவரும் காணாத நாளென்று பார்த்துப் பார்த்து அவள் தெரிந்தெடுத்தது, மூன்று வள்ளம் நிற்கிற நாளை.

முதல் வருடம் இஹ்ஸானின் வள்ளம் அவள் தலைக்கு மேல் ஏறியிருக்கும். இருட்டில் சிவப்பாய் ஏதோ தெரிந்து, கடைசி நேரத்தில் என்ஜினை நிற்பாட்டினார். பெண் என்று கண்டதும் மூன்று வள்ளத்தையும் பழைய பாரப்படகு ஒன்றின் மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடமும் அவள் வந்தாள். அதற்கடுத்த வருடமும். பிறகு அது அவர்களுக்குள் ஒரு ஒழுங்காகிவிட்டது. நத்தாரன்று விடிய என்ஜின் இல்லை, லைற் இல்லை, சத்தம் இல்லை. ராத்தா கரையேறும் வரைக்கும் வலையில் கை வைப்பதில்லை. அவவுக்குத் தெரியவரக் கூடாது, வெட்கப்பட்டு வராமல் விட்டுவிடுவா என்று பயந்தார்களாம்.

“கண்டனீங்களோ?”

அக்காவின் குரல். எப்போது வந்தாரோ, வாசல் நிலையில் செபமாலையோடு நின்றார். “அவ மிதவை வரைக்கும் போனதை நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ?”

இஹ்ஸான் தலையை ஆட்டினார். “இல்ல டீச்சர். பாக்கல்ல.”

அக்கா டீச்சர் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை; அக்காவைப் பார்த்தால் தெரியும். ஞானசேகரத்துக்கு, கடவுளாய்ப் பார்த்துப் படலைக்கு அனுப்பிய சாட்சியும் காணவில்லை என்கிறதே என்று அந்த மனிதர் மேல் கோபம்கூட வந்தது.

“பொம்புளப்புள்ள குளிக்கிற எடம்,” என்றார் இஹ்ஸான். “மூணு வள்ளமும் முகத்த அங்கால திருப்பிக்கிட்டுத்தான் நிக்கிற. பாக்கிற எப்பிடி? ஆனா கேக்கும். மிதவை இரும்பு, உள்ளுக்கு ஒண்டுமில்ல. போய்ச் சேந்த உடன ராத்தா கையால மூணு தட்டு தட்டுவா. மழையிலயும் கேக்கும். அது கேட்டாப் போய்ச் சேந்திட்டா எண்டு அர்த்தம். பிறகு ஒரு பதினஞ்சு நிமிஷம் நிப்பம். கரையில படி ஏறுற சத்தம் கேட்டாத்தான் திரும்புற.”

தாழ்வாரத் தகரத்தில் இருந்து தண்ணீர் சொட்டியது.

“எத்தினை வருசம்?” என்று அக்கா கேட்டார். வகுப்பில் கேட்கும் அதே குரல்தான், ஆனால் கொஞ்சம் தணிந்திருந்தது.

“இந்த வருஷத்தோட பதினாறு, டீச்சர். நடுவுல ஒரு வருஷம் வரல்ல. அண்டைக்கும் இப்பிடித்தான், எட்டு மணி மட்டும் நிண்டம். வந்து விசாரிக்க வெக்கமாப் போச்சி; ஒரு பொம்புளயப் பத்தி எங்க போய் ஆரிட்டக் கேக்கிற? அடுத்த வருஷம் மூணு தட்டு கேட்டிச்சி. ஜவ்பர் எண்டு எங்கட மச்சான் ஒராள், வள்ளத்துல இருந்து அழுதிட்டான். சுனாமியில உம்மாவக் குடுத்தவன் அவன்.”

வராத அந்த வருடத்தை ஞானசேகரம் தேடத் தேவையிருக்கவில்லை. டெங்குக் காய்ச்சலில் புஷ்பவதி ஆஸ்பத்திரியில் கிடந்த நத்தார் அது. கட்டிலுக்குப் பக்கத்தில் இரவு பகலாய் இருந்தவர் றெஜினா அக்கா. ட்ரிப்பைக் கழற்றிவிட்டுக் கடலுக்குப் போகிறேன் என்று அவள் அடம்பிடித்ததையும், கையைப் பிடித்து அமர்த்தியதையும் அக்காவே பத்துத் தரம் சொல்லியிருக்கிறார். அக்காவின் விரல் செபமாலையின் ஒரே மணியில் நின்றுவிட்டது.

அக்கா உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு கேக் பொட்டலம் இருந்தது, பச்சை நூல் கட்டியது. பிராண்டி போடாமல், லைலா வீட்டுக்கென்று புஷ்பவதி வருடாவருடம் தனியாக அடிக்கும் கேக். பச்சை நூல் அதன் அடையாளம். அதைக் கட்டிவிட்டுத்தான் அவள் நெஞ்சைப் பிடித்திருந்தாள்.

“இது உங்களுக்குச் சாப்பிடலாம்,” என்றார் அக்கா. “அவளே செய்தது.”

இஹ்ஸான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஞானசேகரம், உள்ளே வந்து ஒருக்கா முகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கோ என்று கேட்டார்.

“வேணாம் சேர். இவ்வளவு காலமும் பாக்காம இருந்த நாங்க. இனியும் அப்பிடியே இரிக்கட்டும்.”

படலையடியில் திரும்பி நின்று, வலை இன்னும் இழுக்கல்ல என்றார். அந்தச் சத்தம் கேக்காமல் இழுக்க மனசு வரவில்லையாம். இழுங்கோ, இறால் பழுதாய்ப் போகும் என்றார் ஞானசேகரம். சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நடையில் அவ்வளவு சம்மதம் தெரியவில்லை.

ஞானசேகரம் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மூன்று நாளாக முகத்தைப் பார்த்தவர்தான். இப்போது முதல்முறை பார்ப்பதாக இருந்தது. தட்டியிருக்கிறாள். மிதவையைத் தொட்டனான் என்று சொன்னவள், தட்டினேன் என்று சொல்லவில்லை. அந்தத் தட்டு அவருக்கில்லை, ஒருவருக்கும் இல்லை. கொட்டும் மழையில், இருட்டில், இரும்பைப் பிடித்துக்கொண்டு அவள் தனக்காகத் தட்டிய தட்டு. அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது பெருமை. செத்தவீட்டில் இப்படி நெஞ்சு நிமிரலாமா என்று தெரியவில்லை, நிமிர்ந்தது. வாசலில் நின்று உரத்துச் சொல்லவேண்டும் போலிருந்தது. அறுநூற்று இருபது மீற்றர், ஒவ்வொரு முறையும், ஒரு மீற்றர் குறையாமல்.

பின்னேரம் பங்குச் சுவாமி செபம் சொல்ல வந்தார். எழுதியதைக் கேட்டார். ஞானசேகரம் கடதாசியை எடுப்பதற்குள் அக்கா அதை வாங்கிக்கொண்டார். சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்தார். இந்த முறை நீலம். சிவப்பாய்க் கிடந்த வரிக்குக் கீழே, தன் முத்து முத்தான எழுத்தில் புதிதாக எழுதினார். எழுதிவிட்டுச் சுவாமியிடம் நீட்டி, ஒவ்வொரு சொல்லாய் விரலால் தொட்டுக் காட்டினார்.

“நீந்துவா எண்டு மட்டும் சொல்லிப்போட்டு விடாதேங்கோ சுவாமி. மிதவை வரைக்கும் போய்த் திரும்பினவ எண்டு சொல்லுங்கோ. பதினாலு தரம். ஆக்கள் கேட்டிருக்கினம்.”

சுவாமி எதையும் விசாரிக்கவில்லை. மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார். ஞானசேகரம் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்காமல், மெழுகுதிரி குறைஞ்சு போச்சு, வேறை கொண்டா என்றார்.

இருபத்தாறாம் திகதி மழை விட்டிருந்தது. கோயிலுக்குள் நத்தார்க் குடிலும் நட்சத்திரமும் அப்படியே இருந்தன. அவற்றுக்கு முன்னால் பெட்டியை வைத்தார்கள். நிருபன் தகப்பனின் கையைப் பிடித்தபடி முன்வாங்கில் இருந்தான். சுவாமி முதல் ஒன்பது வரியையும் வாசித்தார். சனம் தலையாட்டியது. பத்தாவது வரியை வாசித்தபோது, பின்வாங்கில் இருந்த பழைய கந்தோர்க்காரர் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை ஞானசேகரம் திரும்பிப் பார்க்காமலே அறிந்தார். இந்தியாக் கதை கட்டியவனும் அங்கேதான் இருந்தான். சுவாமி நிறுத்தி, அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தார். இரண்டு தரம் வாசிக்கும்படி கடதாசியில் எழுதியிருக்கவில்லை. நிருபன் தகப்பனின் கையை இறுக்கினான். நத்தாரன்று விடியத் தாய் ஈரத் தலையோடு வந்து எழுப்பிய நாட்கள் அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார்.

அடக்கம் செய்யச் சேமக்காலைக்கு நடந்தே போனார்கள். உள்ளே போகும்போது ஞானசேகரம் கண்டார். மதிலுக்கு வெளியே, வேம்புக்குக் கீழே மூன்று பேர். தோய்த்து மடிப்புக் குலையாத சாரன், வெள்ளைச் சேட், தலையில் தொப்பி. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நேரே வந்திருக்கிறார்கள். நடுவில் நின்றவர் இஹ்ஸான். பக்கத்தில் தோள் குறுகிய ஒருவர். அவர்தான் ஜவ்பராக இருக்கவேண்டும். யாரும் கூப்பிடவில்லை, அவர்களும் உள்ளே வரவில்லை. பெட்டி மதிலைக் கடக்கும்போது மூவரும் முகத்தை வீதிப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அப்படியே முதுகு காட்டி நின்றார்கள்.

குழியடியில் செபம் முடிந்தது. தண்ணீர் தெளித்தார்கள், பாட்டும் ஓய்ந்தது. கயிற்றைப் பிடித்தவர்கள் குனிந்தார்கள். கொஞ்சம் பொறுங்கோ என்றார் ஞானசேகரம். முத்தம் கொடுக்கப் போகிறார் என்று நினைத்து எல்லோரும் விலகி இடம் விட்டார்கள்.

அவர் முழங்காலில் இருந்தார். வலக்கை விரல்களை மடக்கி, பெட்டியின் மூடியில் தட்டினார். பலகைச் சத்தம்தான். இருந்தாலும் காற்று இல்லாத நேரம், நன்றாகவே கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவதைக் கொஞ்சம் பலமாகத் தட்டினார்.

மதிலுக்கு அப்பால் மூன்று பேரும் திரும்பினார்கள். இஹ்ஸான் தொப்பியைக் கழற்றி, திரும்பவும் போட்டுக்கொண்டார். பிறகு மூவரும் கடல் பக்கத்து ஒழுங்கையால் இறங்கி நடந்தார்கள்.